தாட்சாயினி மீண்டும் காவல் நின்ற கோடை

மொன்றியலில் ஆஸ்திரேலியக் காற்பந்து விளையாடும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. அவர்களில் ஒருத்தி யாழ்ப்பாணத்துப் பெண் என்றால் நம்புவதற்கு ஆளில்லை. தாட்சாயினியின் தாய் ஞானாம்பிகைகூட அதை முழுதாக ஒப்புக்கொண்டதில்லை. யாராவது கேட்டால், "றக்பி மாதிரி ஏதோ ஒண்டு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

ஊரில் படித்த காலத்தில் தாட்சாயினி பள்ளி வலைப்பந்து அணியில் தடுத்தாடியவள். நெட்டை. கைகள் அதைவிட நீளம். மொன்றியலுக்கு வந்து, பிரெஞ்சு படித்து, கார்டெரி எனப்படும் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் கைக்குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே மகனை விட வரும் ஜோசியான் என்ற பெண்தான் அவளைக் கண்டுபிடித்தது. முற்றத்தில் பையன்கள் கூரைக்கு எறிந்த பந்தைத் தாட்சாயினி எட்டி ஒற்றைக் கையால் பிடித்ததைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை என்ன செய்கிறாய்?" என்று கேட்டாள். ஜோசியான் அந்த அணியின் பயிற்சியாளர்.

பந்து முட்டை வடிவம். கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். தூரத்திலிருந்து உதைபட்டு வரும் பந்தை நிலத்தில் விழாமல் பிடித்துவிட்டால், பிடித்தவளை யாரும் மறிக்க முடியாது. ஆறுதலாக நின்று கோலுக்கு அடிக்கலாம். எதிரணிக்காரி அப்படிப் பிடிக்காமல் பார்ப்பதுதான் தாட்சாயினியின் வேலை. அவளுக்குப் பின்னால் எழும்பி, பந்தைக் கையால் குத்திவிட வேண்டும். கண் பந்தை விட்டு விலகக்கூடாது. யார் எந்தப் பக்கத்தால் ஓடிவந்து மோதப்போகிறார்கள் என்று பார்க்க நேரம் இராது. இரண்டு கைகளும் மேலே, வயிறும் விலாவும் திறந்து கிடக்க, துணிந்து எழும்ப வேண்டும். அவள் அப்படித்தான் எழும்பினாள். ஒட்டாவா அணிக்காரிகள் அவள் நிற்கும் பக்கம் பந்து அடிப்பதைக் குறைத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது.

அவளுடைய கணவன் ரதீசன் லொறி ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். ஆனால் அந்த நாட்களில் ஒரு மட்ச்சையும் தவறவிடமாட்டான். மடக்குக் கதிரையைக் கோலுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, விதிகள் பாதி விளங்காமல், அவள் பந்தைக் குத்தும்போதெல்லாம் எழும்பி நிற்பான்.

வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த அன்றே தாட்சாயினி விளையாட்டை நிறுத்தினாள். ஆனால் தெரியவருவதற்கு முன் ஒரு மட்ச் விளையாடியிருந்தாள். அதை அப்போது ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை.

எட்டாம் மாதம், பெப்ரவரியில், பிள்ளையின் அசைவு நின்றது. பெண் குழந்தை. கொடி சுற்றியிருந்தது, யாராலும் தடுத்திருக்க முடியாது என்று டொக்டர் சொன்னார். நிலம் உறைந்து கிடந்ததால் உடனே அடக்கம் செய்ய முடியவில்லை. பனி கரையும்வரை சிறிய பெட்டி மயானத்துக் கட்டடத்தில் மற்றப் பெட்டிகளோடு இருந்தது. வசந்தத்தில், அடக்கம் செய்ய வரச்சொல்லி மயானத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டபோது, "பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை" என்று ஞானாம்பிகை சொல்லிவிட்டார். தாட்சாயினிக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. ரதீசன் தனியாகப் போய்வந்தான். வந்து குளித்துவிட்டுப் படுத்தான். எங்கே, எப்படி என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

கார்டெரிக்குத் திரும்பிப் போனாள். ஒரு குழந்தை பால் போத்தலுக்கு அழுதபோது அவளுடைய மார்பு சுரந்து சட்டை நனைந்தது. அன்றோடு வேலையை விட்டாள். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. பூசணிக்காய், உருளைக்கிழங்கு, கோவா. பாரம் நல்லதாக இருந்தது. தூக்கும்போது நினைக்க முடியாது.

அடுத்த ஆண்டு ஜோசியான் கூப்பிட்டபோது, சரி என்றாள். ஞானாம்பிகை செயின்ட்-மிஷேலிலிருந்து பஸ் ஏறி வந்து சண்டை பிடித்தார்.

"செத்த வீடடி இது! ஆராவது பந்தடிக்கப் போவினமே? சனம் என்ன கதைக்குது தெரியுமே? வயித்தில பிள்ளையோட விளையாடினவள் எண்டு கதைக்குது."

"சனம் கதைக்கட்டும் அம்மா."

"அவனைப் பாத்தியே? உன்ர மனுசன்ர முகத்தைப் பாத்தியே?"

ரதீசன் அடுக்களையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கோடை முழுவதும் தாட்சாயினி மோசமாக விளையாடினாள். உடம்பில் பலம் இருந்தது, ஓட்டமும் இருந்தது. பந்து உயரத்திலிருந்து இறங்கும், அவள் எழும்புவாள், யாரோ ஓடிவரும் காலடி கேட்கும். உடனே இடது கை தானாகக் கீழிறங்கி வயிற்றைப் பொத்திக்கொள்ளும். ஒரு கணம்தான். அதற்குள் எதிரணிக்காரி பந்தைப் பிடித்துவிடுவாள். ஜோசியான் ஏசவில்லை. "பரவாயில்லை" என்று சொல்லிச் சொல்லியே அவளை வெளியே உட்காரவைத்தாள். அவ்வளவு நாளும் கோலுக்குப் பின்னால் இருந்த கதிரையையும் காணோம். சனிக்கிழமைகளில் மேலதிக வேலை இருக்கிறது என்று ரதீசன் சொல்லியிருந்தான்.

குளிர்காலம் முழுக்க அவள் தனியாகப் பயிற்சி எடுத்தாள். உள்ளரங்கச் சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதைக் குத்தினாள். கையைக் கீழே விடாதே, விடாதே என்று தனக்குள் ஏசிக்கொண்டாள். கை கேட்கவில்லை.

அது நடந்தது அடுத்த ஜூலையில், ஒட்டாவா அணியோடு ஆடிய மட்ச்சில். இருவர் காயப்பட்டுப் போனதால் ஜோசியான் வேறு வழியில்லாமல் அவளை இறக்கினாள். முதல் பந்து அவள் தலைக்கு மேலாக வந்தது. பின்னோக்கி ஓடினாள். எழும்பினாள். குத்தினாள். யாரோ ஒருத்தியின் முழங்கால் அவள் விலாவில் ஏறியது. புல்லில் விழுந்து, எழும்பி, மறுபடி ஓடினாள். அதன் பிறகு அந்தப் பக்கம் வந்த பந்து ஒன்றும் தப்பவில்லை. சிலதைக் குத்தினாள், சிலதை எதிரணிக்காரியின் விரலுக்கு முன்னால் பறித்தாள். கடைசியில் கோலுக்கு அடித்த பந்தின்மேல் பாய்ந்து, உதைத்த காலோடு சேர்த்து அணைத்தாள். ஒரு புள்ளியால் வென்றார்கள். பெண்கள் அவளைத் தூக்கிவைத்துக் கத்தினார்கள். ஜோசியான் அழுதுவிட்டாள்.

"நீ திரும்பி வந்துவிட்டாய், டாட்சா! முன்பைவிட நல்லாய் இருக்கிறாய்!"

சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபோதுதான் தாட்சாயினிக்கு உறைத்தது. கை ஒரு தடவையும் வயிற்றுக்குப் போகவில்லை. அவள் நினைத்து நிறுத்தவில்லை. அது தானாகவே விட்டிருந்தது. அங்கே காப்பதற்கு ஒன்றும் இல்லை என்று உடம்புக்கு விளங்கிவிட்டது. அவள் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். வெளியே பாட்டும் சிரிப்பும் கேட்டன. யாரோ கதவைத் தட்டி, "பியர் குடிக்க வாறியா?" என்று கேட்டபோது, விலா நோகிறது என்று சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. ரதீசன் பல்கனியில் நின்று சப்பாத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"வெண்டனீங்களோ?"

"ஓம். நல்லா விளையாடினனாம். பழையபடி வந்திட்டனாம்."

அவன் தலையாட்டினான். அவளுக்கு ஏனோ கோபம் வந்தது.

"ஒருநாளைக்கெண்டாலும் வந்து பாத்திருக்கலாம். சனிக்கிழமை சனிக்கிழமை என்ன வேலை உங்களுக்கு?"

"வேலை இல்லை," என்றான் அவன். "பிள்ளையிட்டப் போறனான்."

அவள் பையை இறக்கி வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"ஒவ்வொரு சனியுமோ?"

"நீர் விளையாடப் போற நாளில. வீட்டில இருக்கேலாமல் கிடக்கும். கிறவுண்டுக்கு வரவும் ஏலாது. நீர் விழேக்க எனக்கு…" அவன் சப்பாத்தைக் கீழே வைத்தான். "தாட்சா, அந்தக் கடைசி மட்ச். தெரியாமல் விளையாடினீரே. அதில ஒருத்தி வந்து உம்மை இடிச்சவள்."

"டொக்டர் சொன்னவர்தானே, கொடி எண்டு."

"ஓம். சொன்னவர்."

"நம்பேல்லையோ?"

அவன் குனிந்து மற்றச் சப்பாத்தை எடுத்தான். "நம்புறன். பகலில நம்புறன்," என்றான்.

தாட்சாயினிக்கும் அதே கதிதான். அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழும்பிப் போய்ச் சோற்றைச் சூடாக்கினாள்.

செப்டெம்பரில், ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரி என்று அவளுக்குக் கிண்ணம் கொடுத்தார்கள். அதற்கடுத்த வாரம், தாயிடம் சொல்லாமல், ரதீசனோடு மயானத்துக்குப் போனாள். சிறிய கற்கள் வரிசையாகக் கிடந்த மூலையில் அவன் நேரே போய் நின்றான். அவளுக்கு எந்தக் கல் என்று தெரியாமல் இருந்ததை அவன் பார்த்தான். குனிந்து, கல்லைச் சுற்றி வளர்ந்திருந்த புல்லைப் பிடுங்கத் தொடங்கினான். அவள் கூடப் பிடுங்கவில்லை. அது அவன் செய்துவந்த வேலை என்று பட்டது. அழுகை வருமென்று எதிர்பார்த்து நின்றாள். காற்றுக் குளிராக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போதும் அவள் விளையாடுகிறாள். மாகாண அணிக்கும் எடுத்துவிட்டார்கள். புதிதாக வரும் பெண்களுக்கு, எப்படிப் பயப்படாமல் எழும்புவது என்று காட்டிக்கொடுக்கச் சொல்லி ஜோசியான் கேட்பாள். அவள் எழும்பிக் காட்டுவாள், விளக்கமாட்டாள். இன்னொரு பிள்ளையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. சனிக்கிழமைகளில் இருவரும் ஒரே நேரத்தில் படியிறங்கி, அவள் மைதானத்துக்கும் அவன் மயானத்துக்குமாகப் போகிறார்கள். பின்னேரம் முதலில் வீடு திரும்புகிறவர் உலையை வைப்பார்.