மெழுகுவர்த்திக் கடையில் விட்ட பை

போன வெள்ளிக்கிழமை மாலை மயிலாப்பூரில் ஒரு மின்சாமான் கடையில் நின்றுகொண்டிருந்தேன். குளியலறைக்கு ஒரு பல்பு வேண்டும். கடைக்காரர் அதைச் சொருகி எரியவைத்துக் காட்டும் நேரத்தில் சாம்பிராணி போடும் பாய் உள்ளே வந்தார். வெள்ளிக்கிழமைதோறும் கடை கடையாக ஏறி இறங்குபவர். ஒரு கையில் புகையும் சட்டி, மறு கையில் மயிலிறகு. கல்லாப்பெட்டிக்கு ஒரு வீச்சு, சாமி படத்துக்கு ஒரு வீச்சு, அப்படியே வாடிக்கையாளருக்கும் ஒரு வீச்சு. அது என் முகத்தில் பட்டதும் நான் பல்பை விட்டுவிட்டு நடைபாதைக்கு வந்துவிட்டேன்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், சாம்பிராணி போட்டா பேய்தான் ஓடும்னுவாங்க. நீங்க இன்னாத்துக்கு ஓடுறீங்க?"

பாயும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். பதில் சொல்லத் தொடங்கினால் மெக்சிகோ வரைக்கும் போகவேண்டியிருக்கும். அவருக்கோ கடையில் கூட்டம். உங்களுக்கு நேரம் இருக்கிறது, உங்களிடம் சொல்லலாம்.

எனக்கு அந்த வாசனை பிடிக்காமல் இல்லை. சிறுவயதில் என் அக்கா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, கவிழ்த்த கூடைமேல் தலைமுடியைப் பரப்பிப் புகை காட்டும்போது, நானும் போய்ப் பக்கத்தில் தலையை வைத்துக்கொள்வேன். எனக்கு இருந்ததோ நாவிதர் மழித்துவிட்ட மிச்சம். "உனக்கு எதுக்குடா? அங்க இன்னா கீது காய வைக்க?" என்பாள். இப்போது அந்த மிச்சமும் இல்லை என்பது வேறு கதை.

எங்கள் வீட்டில் புகை நின்றுபோனது நித்யாவால். ஒரே மகள். நடக்கத் தொடங்கியபோதே வீசிங் வந்துவிட்டது. டாக்டர் சொன்னபடி ஊதுவத்தி, கொசுவத்தி, கற்பூரம் எல்லாம் வெளியேறின. ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு. போகியன்று ஊரே பழையதையும் டயரையும் கொளுத்தும்போது, நான் ஜன்னல் இடுக்குகளில் ஈரத் துண்டு அடைத்துவிட்டு, அவளைக் குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்காரவைப்பேன். வெந்நீர் ஆவிக்கு நடுவே பாடம் படிப்போம். வெளியூர் போனால் மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் மெஷினும் கூடவே வரும். நங்கநல்லூரில் இருக்கும் என் தம்பி மகன் வாசலிலேயே அறிவிப்பான்: "பெரியப்பா வராரு, மிக்ஸியத் தூக்கிக்கினு."

கேலி செய்யட்டும். அவள் மூச்சை நான் படித்து வைத்திருந்தேன். சாதாரண இருமல் எது, சளி இருமல் எது, எதற்குப் பிறகு கழுத்தெலும்புக்கு மேலே குழி விழும் என்பதெல்லாம் அடுத்த அறையிலிருந்தே தெரியும். வேறு எந்த விஷயத்திலும் இந்த அளவு தேர்ச்சி எனக்கு வாய்க்கவில்லை.

வளர வளர வீசிங் குறைந்தது. கல்லூரியில் பம்ப் பையிலேயே தூங்கியது. பம்ப் என்றால் வாயில் வைத்து அழுத்துகிற அந்தச் சின்னக் குப்பி. பிறகு கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. அவர்கள் மெக்சிகோவுக்கு அனுப்புவதாகச் சொன்னதும் நான் பயப்பட வேண்டியதற்கெல்லாம் ஒழுங்காகப் பயந்தேன். நிலநடுக்கம், எரிமலை, ஆள்கடத்தல், மாட்டிறைச்சி. புகை ஞாபகத்துக்கே வரவில்லை.

சென்ற ஆண்டு அவளைப் பார்க்க நானும் மனைவியும் போனோம். அவள் இருக்கும் நகரம் நம் ஓ.எம்.ஆர். சாலை மாதிரிதான், எங்கு பார்த்தாலும் கம்பெனிக் கட்டடம். "இதப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க, மலை மேல ஒரு பழைய ஊர் இருக்கு, வாங்க" என்று விமானத்திலும் பிறகு வளைந்து வளைந்து ஏறும் வண்டியிலுமாகக் கூட்டிப்போனாள். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் அந்த ஊரைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது. அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை.

ஓட்டு வீடுகள், பைன் மரங்கள், வெயிலிலும் விலகாத குளிர். பெண்கள் கறுப்பாட்டு ரோமத்தில் நெய்த பாவாடை கட்டியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கரடித்தோல் சுற்றிக்கொண்டதுபோல இருக்கும். சந்தையில் செண்டுமல்லி குவியல் குவியலாகக் கிடந்தது. என் மனைவி மிளகாய்க் கடை முன்னால் நின்றுவிட்டாள். ஒன்றைக் கிள்ளி முகர்ந்து, "இது எவ்ளோமா?" என்று தமிழிலேயே கேட்டாள். கடைக்காரப் பெண் தன் மொழியில் ஏதோ சொன்னாள். ஸ்பானிஷ் கற்றிருந்த நித்யாவுக்கே அது புரியவில்லை. அது மலைக்காரர்களின் பாஷையாம். இருவரும் விரலை மடக்கி நீட்டிப் பேரம் முடித்தார்கள். நான் படி ஏறும்போது மூச்சு வாங்கியது. "உயரம் ஜாஸ்திப்பா, மெதுவா வாங்க" என்றாள் நித்யா. அவளுக்கும் வாங்கியது. பார்த்தேன். உயரம்தான் என்று விட்டுவிட்டேன்.

சதுக்கத்தின் கோடியில் வெள்ளையடித்த ஒரு தேவாலயம். சிலுவை உண்டு, புனிதர்கள் உண்டு, ஆனால் உள்ளே நடப்பதெல்லாம் அந்த ஜனங்களின் பழைய வழக்கம் என்றாள். போட்டோ எடுக்கக் கூடாது. நாற்காலி, பெஞ்சு கிடையாது. தரை முழுக்க பைன் ஊசி பரப்பியிருப்பார்கள். குடும்பம் குடும்பமாக அதில் உட்கார்ந்து, இடத்தை ஒதுக்கித் தரையிலேயே மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். தரையில் உட்கார்ந்து கும்பிடுகிறார்கள் என்றதும் எங்களுக்கு அது கோயிலாகிவிட்டது.

வாசலில் வரிசையாக மெழுகுவர்த்திக் கடைகள். ஒன்றில் ஒரு கட்டு வாங்கினோம். வாங்கிய கையோடு மூவரும் காலணிகளைக் கழற்றி அந்தக் கடையின் பலகைக்கு அடியில் தள்ளினோம். யாரும் கழற்றச் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்கள் காலணியோடுதான் போய்வந்தார்கள். மயிலாப்பூர்க் கால் அது, பூக்கடையைப் பார்த்தால் செருப்பு தானாகக் கழலும். நித்யா இன்னும் ஒரு படி மேலே போனாள். முதல் சம்பளத்தில் வாங்கிய தோல் பையைத் தோளிலிருந்து எடுத்து, செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். தோல் சாமான் சந்நிதிக்குள் ஆகாது என்று பாவாடை கட்டிய காலத்திலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளை. சாமியே இல்லை என்று எங்களோடு வாதாடுகிறவள் அவள். என் மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

"அப்ப உங்க பெல்ட்டு?" என்றாள் நித்யா.

"அதக் கழட்டினா பேண்ட்டு நிக்காதுமா."

மெழுகுவர்த்திக்காரி எங்கள் வெறுங்காலைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஏதோ சொல்ல, அந்த வரிசையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எனக்கு இருந்த கவலையெல்லாம் பாஸ்போர்ட்டைப் பற்றி. அது என் இடுப்பில் துணிப்பையில் பத்திரமாக இருந்தது.

உள்ளே காலை வைத்ததும் முகத்தில் அறைந்தது சாம்பிராணி. அவர்கள் அதை வேறு பெயரில் சொல்கிறார்கள், வேறு மரத்தின் பிசின். மூக்குக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. "அப்பா, நம்ம ஊர் வாசனைப்பா" என்றாள் நித்யா. ஊரைவிட்டுப் போய் இரண்டு வருஷமான குரல். நாங்கள் மூவரும் அந்தப் புகையை ஆசையாக உள்ளே இழுத்தோம். அவள் சிறு பிள்ளையாக இருக்கும்போது எந்த வாசனையை அவளிடமிருந்து விரட்டினேனோ, அதே வாசனையை அன்று நானே பக்கத்தில் நின்று ரசித்தேன்.

மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். எங்களுக்கு அருகே ஒரு பெண்மணி, நோயாளிப் பையன் ஒருவனுக்கு முட்டையால் உடம்பெல்லாம் தடவி மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். "திருஷ்டி கழிக்கறாங்க" என்றாள் என் மனைவி, ஏதோ மயிலாப்பூர் லஸ் முனையில் நிற்பதுபோல. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு இருமல் கேட்டது. அடுத்தது கேட்கவில்லை.

கேட்காமல்போன இருமல்தான் எனக்கு உறைத்தது. திரும்பினேன். நித்யா இரு கைகளையும் தரையில் ஊன்றி, தோள் காதைத் தொடும்படி உயர்ந்து, வாயைத் திறந்தபடி இருந்தாள். கழுத்தெலும்புக்கு மேலே குழி. பல வருஷங்களாகப் பார்க்காத குழி.

"பம்ப் எங்கடா?"

அவளால் பேச முடியவில்லை. வாசலைக் காட்டினாள்.

ஓடினேன். பைன் ஊசி வழுக்கி ஒருவரின் மெழுகுவர்த்திகளின் மேல் விழுந்து, எழுந்து ஓடினேன். வெளியே கண் கூசும் வெயில். எல்லாக் கடையும் ஒரே கடை; எல்லாப் பெண்களும் அதே கறுப்புப் பாவாடை, அதே நீலச் சால்வை. எங்கள் மெழுகுவர்த்திக்காரியின் முகம் எனக்கு நினைவில்லை. நான் அவளைச் சரியாகப் பார்க்கவே இல்லை. "பை, பை" என்று தமிழில் கத்தினேன். வாய்க்கு நேரே கையை வைத்து அழுத்திக் காட்டினேன். ஒருத்தி இரக்கத்தோடு ஒரு ஆரஞ்சு சோடாவைத் திறந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு மனிதன் எதையெல்லாம் கையில் வாங்கிக்கொள்வான் என்று சொல்ல முடியாது.

இன்னொருத்தி என் காலைப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, வரிசையின் மறுகோடிக்குக் குரல் கொடுத்தாள். அங்கே ஒருத்தி எழுந்து, பலகைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தாள். எங்கள் பையையும் செருப்புகளையும் யாரும் எடுத்துவிடக் கூடாதென்று தன் சால்வையில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். அவ்வளவு கெட்டியான முடிச்சு. இருவரும் சேர்ந்து அவிழ்க்கப் பார்த்தோம். கடைசியில் அவள்தான் பல்லால் கடித்து இழுத்தாள்.

அதற்குள் இரண்டு ஆண்கள் நித்யாவை வாசலுக்குத் தூக்கி வந்திருந்தார்கள். உதடு சாம்பல் நிறம். மருந்து அழுத்த அழுத்த உள்ளே போக மறுத்தது, பிறகு கொஞ்சம் போனது. யாரோ ஒருவரின் வண்டியில் ஏற்றி மலையடிவார நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆக்சிஜன் வைத்தார்கள். உயரம், குளிர், புகை மூன்றும் சேர்ந்துவிட்டது, இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர், என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் பாதமெல்லாம் மெழுகு உறைந்திருந்தது. நாங்கள் இருவரும் வெறுங்காலோடு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் முகமூடியைத் தூக்கிவிட்டு நித்யா சொன்ன முதல் வார்த்தை: "செருப்ப யாரு எடுத்துட்டு வர்றது?"

என் மனைவி சிரித்தாள், அழுதாள். எனக்கு இரண்டும் வரவில்லை. "வேலைய விட்ருமா. ஊருக்குப் போயிடலாம்" என்றேன்.

"எதுக்குப்பா? போகிக்கு வந்து டயர் புகையில நிக்கவா?"

ஆனாலும் நான் நிறுத்தவில்லை. அங்கிருந்த நாளெல்லாம் சொன்னேன். சென்னைக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு போனிலும் சொன்னேன். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியை அனுப்பி, வீடியோவில் காட்டச் சொன்னேன். சில வாரம் காட்டினாள். பிறகு பேட்டரி தீர்ந்துவிட்டது என்றாள். பேட்டரி அனுப்பட்டுமா என்று கேட்டேன். "கண்ணு வைக்காதீங்கப்பா" என்றாள், விளையாட்டாகத்தான்.

எங்கள் காலைக் காப்பி நேரம், அவளுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம். தினமும் பேசுகிறோம். முன்பெல்லாம் அந்தப் பேச்சில் பாதி புலம்பல்தான். மூக்கு அடைச்சிருக்குப்பா. தூங்கவே இல்லப்பா. ஆபீஸ் ஏசி ஒத்துக்கல, தொண்டையில கரகரன்னுது, அம்மாகிட்ட மிளகு கஷாயம் எப்படின்னு கேளுங்க. நான் காப்பி ஆற ஆறக் கேட்டுக்கொண்டிருப்பேன். எந்த இருமல் எந்த வகை என்று மனசுக்குள் பிரித்து அடுக்குவேன். பெரிதாக எதுவும் ஆகிவிடாது என்று தெரிந்தே படுகிற ஒரு பயம் இருக்குமே, அதில் ஒரு சுகம்கூட இருந்தது.

இப்போது கேட்டால், "நல்லா இருக்கேன்பா." ஜலதோஷம் இல்லை, தூக்கமின்மை இல்லை, எதுவுமே இல்லை. இடையிடையே மட்டும் போன் திடீரென்று செத்துப்போகும். அவள் பக்கத்துச் சத்தமெல்லாம், தட்டில் கரண்டி படுவது, தெருவில் நாய் குரைப்பது, எல்லாம் ஒரே வெட்டாக நின்றுவிடும். சிறிது நேரம் கழித்து அவையெல்லாம் திரும்ப வரும், அவளும் வருவாள். "சொல்லுங்கப்பா. நெட்வொர்க் சரியில்ல."

நான் போனை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், முதலில். என் மனைவிதான் சொன்னாள். "நெட்வொர்க்கும் இல்ல ஒண்ணும் இல்ல. மியூட்ல போட்டு இருமிட்டு வரா."

அவள் இருமி நான் கேட்டுப் பல மாதங்கள் ஆகின்றன.