‘ஏளனமாக’ என்று எழுதிவிட்டார்கள்

ஷேர் ஆட்டோவில் இறங்க வேண்டிய இடம் வந்ததும் என் வாயில் முதலில் வருவது ‘இறக்கம்’ என்ற சொல்தான். வவுனியாவில் பஸ்ஸில் அப்படித்தான் சொல்வோம், உடனே நிறுத்துவார்கள். சிட்லபாக்கத்திலிருந்து சேலையூர் போகும் ஆட்டோவில் முதன்முதலாக நான் அதைச் சொன்னபோது ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, எறக்கமா? ரோடு சமமாத்தான கீது!” என்றார். ஆட்டோவே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குள் என் நிறுத்தம் பின்னால் போய்விட்டது.

நான் சென்னைக்கு வந்து எட்டு வருடமாகிறது. அதற்கு முன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் இருந்தேன். என் சிங்களம் அரைகுறை. நான் சொன்னதை என்னைப் போலவே இழுத்துச் சொல்லிப் பார்த்து, வாடிக்கையாளர்கள் தங்களுக்குள் சிரிப்பார்கள். துணியை மடித்துக்கொண்டே நிற்பேன். முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. பிறகு தோஹாவில் வேலை கிடைத்தது. அங்கே பழக்கமான சிட்லபாக்கத்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே கிளம்பியபோது தங்கையிடம் சொன்னேன்: “அங்க எல்லாரும் தமிழ். இனி ஒருத்தரும் என்ர கதையைக் கேட்டுச் சிரிக்க மாட்டினம்.” அப்படி நம்பித்தான் விமானம் ஏறினேன்.

இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பு மேசை எனக்கு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து பெயர் பதிவது, வெறும் வயிற்றோடு வந்தார்களா என்று கேட்பது, முடிவு எப்போது வரும் என்று சொல்வது. உள்ளே ரத்தம் எடுக்கும் ரேவதி என்னைப் பார்த்ததும் “வாங்கோ அக்கா! தேத்தண்ணி குடிச்சனீங்களோ?” என்பாள். ஒவ்வொரு ‘ஓ’வையும் ரப்பர் போல இழுப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஒருநாள் என் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு, “ஜாலியாதான்க்கா சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள். இங்கே என்னைப் போலப் பேசிக் காட்டுவது ‘ஜாலி’ என்ற கணக்கில் வரும். அதையும் பழகிக்கொண்டேன்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, கூட்டம் கதவு வரை நின்றது. சபாபதி என்ற பெரியவர் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் மருத்துவர் சீட்டு. ஒரு பக்கம் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. “வெறும் வயித்தோடயோ வந்தனீங்கள்?” என்று கேட்டேன். அவர் ஏதோ சொன்னார். கண்ணாடித் துவாரத்தின் வழியாக ஒரு சொல்லும் முழுதாக வந்து சேரவில்லை. தொலைபேசியை எடுத்து, அதன் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு, “ஐயா, நீங்கள் கதைக்கிறது எனக்கு விளங்கேல்லை” என்றேன்.

அவர் முகம் சிவந்தது. “க... கதைக்கிறேனா? நானா?”

“ஓம் ஐயா. திரும்பச் சொல்லுங்கோ.”

அவர் திரும்பச் சொல்லவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மேசை ஓரம் கிடந்த புகார் புத்தகத்தை இழுத்து நின்றபடியே எழுதினார். அவர் போன பிறகுதான் படித்தேன். அழகான கையெழுத்து. ‘வரவேற்பில் இருக்கும் பெண் ஏளனமாகப் பேசினார்.’

மேலாளர் விஜயா மேடம் மறுநாள் என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் தட்டச்சு செய்த மன்னிப்புக் கடிதம் தயாராக இருந்தது. ‘நோயாளியிடம் நான் ஏளனமாகப் பேசியதற்கு வருந்துகிறேன்.’

“ஒரு சைன் போட்டுடு சுகந்தி. மேட்டர் ஓவர். அவர் ரிப்பீட் கஸ்டமர்.”

“நான் ஏளனமாப் பேசேல்லை மேடம்.”

“தெரியும்மா. உன் ஸ்லாங் அப்படி. ஆனா அவருக்கு அப்படி கேட்டிருக்குல்ல? இனிமே கவுன்ட்டர்ல நார்மல் தமிழ் பேசு, போதும்.”

‘நார்மல் தமிழ்’ என்றதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. கொழும்பில் பேசாமல் நின்றேன், அது என் மொழி இல்லை என்று. இது என் மொழி. என் அம்மா என்னைத் திட்டியதும் தாலாட்டியதும் இதில்தான். இதைப் பேசினாலே ஏளனம் என்று என் கையாலேயே ஒப்பமிட வேண்டுமா? “வருந்துகிறேன் என்று நூறு தரம் எழுதித் தாறன் மேடம். அந்த ஒரு சொல்லுக்குக் கீழ என்ர பேரை எழுத மாட்டன்” என்றேன். வேலை போகலாம் என்றார். போகட்டும் என்றேன். கடிதத்தை அவர் பக்கமே நகர்த்தி வைத்தேன்.

வியாழக்கிழமை சபாபதி மறுபடியும் வந்தார். சர்க்கரை பார்த்தே ஆக வேண்டியிருந்ததாம். மேடம் அவரை அறையில் உட்காரவைத்து என்னையும் அழைத்தார். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் நேராக அவரிடமே கேட்டேன்: “ஐயா, எந்தச் சொல்லை நான் ஏளனமாச் சொன்னனான்?”

அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். “க... கதை விடுறேன்னு சொன்னீங்க. புரியலன்னு சொன்னீங்க. அப்புறம் என் நெ... நெத்தியப் பாத்து, ஓம்னு...”

அந்த அறையில் தொலைபேசி இல்லை, கண்ணாடி இல்லை. அன்றைக்கு என் காதில் விழாதது இப்போது விழுந்தது. அவருக்குப் பேச்சு திக்கியது.

“எங்கட ஊரில கதைக்கிறது என்டால் பேசுறது ஐயா. ஓம் என்டால் ஆமாம். வேற ஒன்டும் இல்லை. நீங்கள் சொன்னது எனக்குக் கேக்கேல்லை. போனை வச்சிட்டுக் கேட்டிருக்க வேணும். அது என்ர பிழை. அதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா ஏளனம் இல்லை. அது என்ன என்டு எனக்குத் தெரியும். எத்தினையோ வருசமா என்னை வச்சுச் செய்யினம்.”

கடைசி வரியைச் சொன்னபோது நான் மேடத்தைத்தான் பார்த்தேன். அவர் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

சபாபதி முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “ரயில்வேல முப்பது வருஷம்மா. ஆபீஸ்ல நான் வாயத் தொ... தொறந்தாலே ஒருத்தன் என்ன மாதிரியே பேசிக் காட்டுவான்” என்றார். “நீங்க புரியலன்னதும், அவன் ஞாபகம்தான் வந்துச்சு.”

புகார் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அதே அழகான கையால் ஒரே ஒரு சொல்லை நீளக் கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் சின்னதாகத் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டார். மீதியை அப்படியே விட்டார். ‘வரவேற்பில் இருக்கும் பெண் பேசினார்.’

இப்போதும் அந்த மேசையில்தான் இருக்கிறேன். யாருக்காவது புரியாவிட்டால் இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக, என் தமிழிலேயே சொல்கிறேன். ரேவதி தன் ‘வாங்கோ’வை நிறுத்தவில்லை. “அதைச் சரியாச் சொல்லு, நான் பழக்கிறன்” என்று அவளை உட்காரவைத்து நீட்டலைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் அதிகம் சொல்வதில்லை. சரியாகச் சொன்னால் சிரிப்பு வராதே.

அந்த வியாழக்கிழமை மாலையே வவுனியாவிலிருந்து தங்கை அழைத்தாள். நடந்ததெல்லாம் சொன்னேன். முடிக்கும்போது, “அப்புறம் அவர் கிளம்பிட்டாரு” என்றேன். அவள் வெடித்துச் சிரித்தாள்.

“அம்மா, இஞ்ச கேளுங்கோ, கிளம்பிட்டாராம்! அக்கா சென்னைக்காரியா மாறிட்டாள்!” அந்தச் சொல்லை இழுத்து இழுத்து, எனக்குப் பழக்கமான அதே தொனியில், அம்மாவுக்குச் சொல்லிக் காட்டினாள். அம்மாவும் சிரித்தது கேட்டது. எங்கள் ஊர்ப்படி ‘வெளிக்கிட்டார்’ என்று திருத்திவிட்டால் முடிந்திருக்கும்.

திருத்தவில்லை.

“ஓம்,” என்றேன். “கிளம்பிட்டாரு.”