கன்னி மூலையிலிருந்து இறங்கிய நாற்காலி

கட்டிடத்தின் முகத்தில் பளபளவென்று மாட்டுகிறார்களே ஏ.சி.பி. ஷீட், அதைக் கண்டாலே எனக்குக் குமட்டும். இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியம், நடுவில் பிளாஸ்டிக். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி மூன்று மாடிக்கும் அதை நீலத்தில் மாட்டினார். மூன்றாம் மாடி ஜன்னல்களையும் சேர்த்தே மூடிவிட்டார். பனியன் வாங்க வரும் வெளிநாட்டு பையர் காரிலிருந்து இறங்கியதும் அண்ணாந்து பார்த்து அசந்துபோக வேண்டுமாம்.

ஒரு நாள் மதியம் கம்பெனிப் பெயர் போர்டு விளக்கில் பொறி பறந்து நாலைந்து ஷீட் எரிந்து ஒழுகின. மூன்றாம் மாடி முழுக்கப் புகை. தைத்துக்கொண்டிருந்த பெண்கள் இருந்த ஒரே படிக்கட்டில் முட்டி மோதி இறங்கினார்கள். யாரும் சாகவில்லை. அதைத் தன் சாமர்த்தியமாகவே முதலாளி எடுத்துக்கொண்டார்.

மறுநாள் யோசனை கேட்டு வக்கீலான என்னிடம் வந்தார். "ஷீட்டு மொத்தத்தையும் கழட்டுங்க. ஜன்னலத் தெறந்து உடுங்க. அது வரைக்கும் மூணாவது மாடில ஒருத்தரும் வேல செய்யக் கூடாதுங்க" என்றேன்.

"ஏனுங்க வக்கீலுங்க, அடுத்த வாரம் பையரு ஆளுக கம்பெனியச் சுத்திப் பாத்து ஆடிட்டு பண்ண வர்றாங்க. மொட்டச் செவுத்தையா காட்டறது? கருகுனத மட்டும் மாத்திக்கறனுங்க. எல்லாம் பத்திரமா இருக்குதுன்னு ஒரு லெட்டர் குடுத்துருங்க."

கையோடு கணபதி ஹோமத்துக்கும் அழைத்தார். நாலு புது ஷீட்டும் ஒரு ஹோமமும் போதும், நெருப்பு பயந்து ஓடிவிடும்! ஒரு பூசணிக்காயை வாசலில் உடைத்தார். இன்னொன்றை முழுசாகச் சோற்றில் மறைக்கத்தான் நான். வெட்கமில்லாமல் சர்க்கரைப் பொங்கலை நானும் வாங்கித் தின்றேன்.

அப்போதுதான் அவர் நாற்காலி கண்ணில் பட்டது. கீழே, வாட்ச்மேன் அறையை ஒட்டிப் போட்டிருந்தார்கள். வாஸ்து பார்க்காமல் குழாய்கூட மாட்டாத மனிதர். முதலாளி தென்மேற்கில், கன்னி மூலையில், அதுவும் உச்சி மாடியில்தான் உட்கார வேண்டும், இறங்கினால் தொழிலே போய்விடும் என்று எனக்கே பாடம் எடுத்தவர்.

செக்கிங் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் துணிக்கட்டோடு படியேறிக்கொண்டிருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். "முதலாளி எப்பங்க கீழ வந்தாரு?" என்று கேட்டேன்.

"பொகை வந்த அன்னைக்கு சாயங்காலமே சார். சேரு, மேசை, சாமி படம் எல்லாத்தையும் நாங்கதான் எறக்குனோம். எங்கள மட்டும் யாரும் எறக்கல."

என்னிடம் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டார்! எனக்கு அருவருப்பாக இருந்தது. சட்டம் சொல்வதை எல்லாம் கடிதத்தில் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'உரிமையாளர் தம் இருக்கையையும் சாமி படத்தையும் அன்றே கீழே இறக்கிவிட்டதால், ஆபத்து அவருக்குத் தெரியும்.'

போனில் கெஞ்சினார். "சட்டமெல்லாம் இருந்துட்டுப் போகுதுங்க. அந்தச் சாமி படத்து வரிய மட்டும் எடுத்துருங்க."

எடுக்கவில்லை. கேட்டதை எழுதித்தர வேறு வக்கீல் கிடைத்தார். ஆடிட் பிரமாதமாக முடிந்ததாம். முதலாளி இன்னும் கீழேதான் உட்காருகிறார். அந்த அம்மா தினமும் மூன்றாம் மாடிக்கு ஏறுகிறார்.