எட்டேகால் பஸ்ஸில் இருநூறு கேள்விகள்

இராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் நூற்பாலையில் என் பதவிக்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. நடைமுறையில் அதன் பொருள், எங்கே நெட் போனாலும் என்னைக் கூப்பிடுவார்கள் என்பதுதான். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் கூப்பிடுவார்கள். இதற்கு முன் ஆறு ஆண்டுகள் ஒரு நாளிதழின் மதுரைப் பதிப்பில் முதலில் பிழை திருத்தினேன், பிறகு செய்தி எடிட் செய்தேன். பக்கங்கள் அச்சகத்துக்குப் போகாமல் லைன் அறுந்த ஒவ்வொரு முறையும் சிஸ்டம் அறைக்குப் போய் நின்று பார்த்ததில் இந்தத் தொழில் பிடித்துப்போனது. கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்ததும் அதற்கான படிப்பைப் படித்து ஒரு சான்றிதழும் வாங்கினேன்.

அந்தச் சான்றிதழுக்கு மூன்று ஆண்டு ஆயுள். அது முடியும் நேரத்தில், ஆலையின் நான்கு யூனிட்டுகளுடைய நெட்வொர்க்கையும் ஒரே ஆளிடம் ஒப்படைப்பது என்று நிர்வாகம் முடிவு செய்தது. மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“ஆட்டோமேஷன் பரிட்சைய பாஸ் பண்ணிட்டீங்கன்னா நீங்கதான். இல்லன்னா கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் வாராரு. நல்ல பையனாம்.”

அந்த நல்ல பையன் வந்தால் என் மீதிக் காலம் பிரின்டரோடு கழியும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

ஆட்டோமேஷன் என்பது பெரிய மர்மம் இல்லை. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியை நாங்கள் சுவிட்ச் என்போம். எங்கள் நான்கு யூனிட்டுகளில் அப்படி அறுபத்திரண்டு சுவிட்சுகள். ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்குள்ளும் புகுந்து தனித்தனியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்குப் பதில் ஒரே கோப்பில் எழுதி, ஒரு நிரலிடம் கொடுத்து, அறுபத்திரண்டிலும் செய்யச் சொல்வதுதான் ஆட்டோமேஷன். அந்தக் கோப்பில் ஓர் இடைவெளி கூடினாலும் நிரல் ஓடாது. பிழை திருத்திய கண்ணுக்கு அந்தப் பகுதி மட்டும் எளிது.

மூன்று மாதம் நோட்டுப் போட்டுப் படித்தேன். அந்தச் சமயத்தில் தேர்வை நடத்துகிறவர்கள் பாடத்திட்டத்தைப் புதுப்பித்தார்கள். தேர்வின் பெயரைக்கூட மாற்றினார்கள். பழைய பாடத்தில் பாதியை எடுத்துவிட்டு, புதிதாகப் பல பகுதிகளைச் சேர்த்திருந்தார்கள். என் சான்றிதழ் காலாவதியாக ஆறு வாரம் இருந்தது; அதற்குள் இந்தத் தேர்வில் தேறினால்தான் அதுவும் புதுப்பிக்கப்படும். அச்சுக்குப் போகும் நேரத்தில் தலைப்புச் செய்தி மாறுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அங்கே அந்தப் பக்கத்தைத் திருத்த நாலு பேர் இருப்போம்.

வீட்டில் படிக்க நேரம் கிடைக்கவில்லை. எனக்கென்று இருந்தது காலையிலும் மாலையிலும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே ஓடும் டவுன் பஸ்ஸில் கிடைக்கும் முப்பத்தைந்து நிமிடம் மட்டும். ஓடும் பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். ஆகவே புதிய பாடத்திட்டத்திலிருந்து நானே இருநூறு கேள்விகள் தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் எழுதி, சரியான விடைக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டு, அச்செடுத்து, என் பக்கத்து இருக்கைக்காரியிடம் கொடுத்தேன்.

அவள் வன்னியம்பட்டிக்காரி. ஸ்கூட்டியில் வந்து, பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு, என்னோடு எட்டேகால் பஸ் ஏறுவாள். இராஜபாளையத்தில் மருத்துவமனைகளுக்கு பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை மேல் துணியை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இழை விட்டுப்போன இடம் வந்தால் நிறுத்திக் குறி போட வேண்டும். பதினோரு ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறாள்.

“வாசிக்கது மட்டுந்தான என் வேல? அர்த்தம் கேக்கப்பிடாது,” என்றாள்.

“கேக்க மாட்டேன்.”

“அப்போ சரி. கொண்டா.”

தெளிவாக, சத்தமாக வாசித்தாள். பஸ் இரைச்சலில் சத்தமாகத்தான் வாசிக்க முடியும். இரண்டாவது நாளே முன்பக்கப் பெண்கள் வரிசை முழுவதும் எங்களோடு பரீட்சை எழுதத் தொடங்கியது. பூக்கூடையோடு வரும் ஓர் அக்கா, எந்தக் கேள்வி என்றாலும் ‘டி’ என்பார்.

“மூணு நாளா ‘டி’ வரவே இல்லயே. பாவம்லா அது,” என்றார் ஒரு நாள்.

அந்த வாரத்தில் ஐடம்பொடன்ட் என்ற சொல் வந்தது. ஒரே கோப்பை இரண்டாம் முறை ஓட்டினாலும் புதிதாக எதுவும் மாறக் கூடாது என்ற குணத்துக்கு இந்தத் துறையில் வைத்த பெயர் அது. தோழி எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, “இடம் போட்டன்ட்” என்று வாசித்தாள். நான் சிரித்தேன். பிறகு பொருளைச் சொன்னேன்.

“இதுல சிரிக்க என்ன இருக்கு? சரியாத்தான வாசிச்சிருக்கேன்,” என்றாள் அவள். “ஜன்னல் வழியா ஒரு தடவ கர்ச்சீப்பப் போட்டு இடம் போட்டா, போட்டதுதான். மறுபடியும் போட்டா இன்னொரு சீட்டா கெடைக்கும்?”

மூன்று மாதம் படித்த எந்தப் பக்கத்திலும் இவ்வளவு சுருக்கமான விளக்கம் இல்லை.

மதிப்பெண்ணை ஒரு சிறிய நோட்டில் குறித்து வந்தேன். ஒரு பயணத்துக்கு இருபது கேள்விகள். முதல் நாள் பதினொன்று சரி. இரண்டாம் வாரம் பதினைந்து. மூன்றாம் வாரம் தொடர்ந்து பதினெட்டு. செய்தி எடிட் செய்தவள், இந்த எண்களை எனக்குக் கொடுப்பது யார், எதை வைத்துக் கொடுக்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். எண் நமக்குப் பிடித்தமாதிரி இருந்தால் அந்தக் கேள்வி எழுவதில்லை.

எழுப்பியவர் கண்டக்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். எங்களுக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கம்பியில் சாய்ந்துகொண்டு கேட்பார். ஒரு வியாழக்கிழமை, நான் வாயைத் திறக்கும் முன்னால், “எக்கா, ‘சி’ போட்டுக்கோங்க” என்றார். விடை ‘சி’தான். அடுத்த கேள்விக்கு “ஏ” என்றார். அதுவும் சரி. மடவார்வளாகம் ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள் பத்துக் கேள்விகள் முடிந்தன. எட்டுக்கு அவர் சரியாகச் சொல்லியிருந்தார்.

“உங்களுக்கு நெட்வொர்க் தெரியுமா?” என்று கேட்டேன்.

“எனக்கு வாட்ஸப்ல குட்மார்னிங் அனுப்பத் தெரியும்க்கா.”

“பொறவு எப்படிச் சொன்னீங்க?”

“இதுல என்ன இருக்கு? அந்தக்கா வேகமா வாசிச்சுக்கிட்டே வருவாவ. சரியான விடை வந்ததும் செத்த நேரம் நிப்பாவ. வண்டி நின்னா ஆள் ஏற வேண்டியதுதான?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தோழி சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஏட்டி, நான் நிக்கேனா?”

நிற்கிறாள். அடுத்த கேள்வியில் கவனித்தேன். தவறான விடைகளில் அவள் குரல் விளக்கு மேசை மேல் துணி ஓடுவது போல நிற்காமல் ஓடியது. நட்சத்திரம் போட்ட வரி வந்ததும், ஓர் எழுத்தைச் சொல்லும் நேரம், நின்றது. குறி போட வேண்டிய இடத்தில் நிற்பதற்கு அவள் பதினோரு ஆண்டுகளாகச் சம்பளம் வாங்குகிறாள். குறியைப் போட்டுக் கொடுத்தது நான். மூன்று வாரமாக நான் நெட்வொர்க் ஆட்டோமேஷன் படிக்கவில்லை. அவள் மூச்சைப் படித்திருக்கிறேன்.

அன்று மதியம் நட்சத்திரம் இல்லாத தாளை அச்செடுத்தேன். மாலை பஸ்ஸில் அவளே வாசித்தாள், குரல் எங்கும் நிற்கவில்லை. இருபதுக்கு ஒன்பது. தேர்வுக்குப் பதினேழு நாள் இருந்தது.

மறுநாள் காலை பஸ் ஏறியதும் அவள் தாளை வாங்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“ஊரே சிரிக்கு. நான் என்னமோ உனக்குக் காப்பி அடிக்கக் காமிச்சுக் குடுத்த மாதிரி.”

“தப்பு என்மேலதான். நான்தான் ஸ்டார் போட்டேன்.”

“அந்தக் கோயம்புத்தூர்க்காரன் வந்துருவானா?”

“இந்த மார்க் எடுத்தா வந்துருவான்.”

ஜன்னலிலிருந்து முகத்தை என் பக்கம் திருப்பினாள். பிறகு கையை நீட்டினாள். தாளைக் கொடுத்தேன். ஒரு கேள்வி வாசித்தாள். “பி” என்றேன்.

“சரி. ‘பி’ய எடுத்துக்கிட்ட. ‘ஏ’வ ஏன் தள்ளுன?”

“அது விடை இல்ல.”

“அது எப்படிக் காரணமாகும்? எங்க கம்பெனில ஒரு துணி ரோல ரிஜெக்ட் பண்ணுனா சீட்டுல காரணம் எழுதிக் கட்டணும். எழை விட்டிருக்கா, கறையா, அகலம் கொறைவான்னு. ‘சரியில்ல’ன்னு எழுதுனா சூப்பர்வைசர் மூஞ்சிலயே எறிவாரு. நீ இப்ப மூணு ரோல தள்ளிருக்க. மூணுக்கும் காரணத்தச் சொல்லு.”

என்னால் ஒன்றுக்குத்தான் சொல்ல முடிந்தது. மற்ற இரண்டையும் பழக்கத்தில் தள்ளியிருக்கிறேன்.

அன்றைய முப்பத்தைந்து நிமிடத்தில் மொத்தம் மூன்று கேள்விகள்தான் நகர்ந்தன. ஒன்பது காரணங்கள் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொல்வது அவளுக்குப் புரியாவிட்டால் சீட்டு ஏற்கப்படாது. அர்த்தம் கேட்கப்பிடாது என்ற பழைய ஒப்பந்தத்தை அவளே ரத்து செய்துவிட்டாள். நிரல்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதையும், யார் எதை மாற்றினார்கள் என்று ஒவ்வொரு பதிப்பையும் ஏன் சேமித்து வைக்கிறோம் என்பதையும், செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கும் கோப்பை ஏன் பார்க்காமல் ஓட்டக் கூடாது என்பதையும், இறங்குகிறவர்கள் எங்கள் மேல் இடித்துக்கொண்டு போகும்போதே, நான் தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கிலச் சொல்லைத் தூக்கிப் போட்டுத் தப்பிக்க முடியவில்லை.

“இதுக்குப் பேருதான் காரணமா? பெரிய இங்கிலீஷா சொல்லி ஏமாத்தப் பாக்க,” என்பாள். “ஏட்டி, மறுபடி சொல்லு.”

பூக்கார அக்கா, “எம்புட்டுக் கேள்வி கேக்கா பாரு. இவ கட்டுன மாப்பிள்ள எப்படித்தான் தாங்குதாரோ” என்றார்.

“அவிய ரிஜெக்ட் ஆகாத ரோலுக்கா,” என்றாள் தோழி.

பன்னிரண்டு நாளில் இருநூறு கேள்விகளில் எண்பதைத்தான் முடித்தோம். மதிப்பெண் நோட்டில் எழுத எதுவும் இல்லை. ஆனால் இன்னும் காரணம் சொல்லிப் பார்க்காத மீதிக் கேள்விகளை வீட்டில் தனியாகப் போட்டுப் பார்த்தபோது, இருபதுக்குப் பதினாறு வந்தது. அந்தப் பதினாறில் ஒவ்வொன்றுக்கும் என்னால் காரணம் சொல்ல முடிந்தது.

தேர்வை வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கணினி தவிர எதுவும் இருக்கக் கூடாது. எங்கோ இருந்து ஒருவர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். சுவர்க் காலண்டரைக்கூடக் கழற்றச் சொன்னார். தோழி வன்னியம்பட்டியிலிருந்து வந்து, முன்னறையில் உட்கார்ந்து, என் கணவரையும் மிக்சியையும் காவல் காத்தாள்.

ஒன்பதாவது கேள்வியில் திரை நின்றது. ஒரு செய்தி வந்தது. உங்கள் உதடுகள் அசைகின்றன, தேர்வின்போது பேசவோ வாய்விட்டு வாசிக்கவோ அனுமதி இல்லை, மறுபடி நடந்தால் தேர்வு நிறுத்தப்படும்.

எனக்கே தெரியாமல் காரணம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பன்னிரண்டு நாள் பஸ்ஸில் சத்தமாகப் பேசிப் படித்ததில் வாய் அதற்குப் பழகிவிட்டது. உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டேன். அடுத்த இரண்டு கேள்விகளுக்கு மூளை நகரவில்லை. நேரம் திரையின் மூலையில் குறைந்துகொண்டே வந்தது. பிறகு மேசைக்கு மேலே, கேமராவுக்குத் தெரியும்படியாகவே, இடது கையை வைத்து, ஒரு விடையைத் தள்ளும்போது ஒரு விரலை மடக்கினேன். காரணம் மனதுக்குள் முழு வாக்கியமாக வரும்வரை அந்த விரலை மடக்கவில்லை. மூன்று விரல் மடங்கினால், தள்ளாமல் மீதி இருக்கும் ஒன்றுதான் விடை. பார்த்துக்கொண்டிருந்தவர் விரலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கடைசிக் கேள்வியை முடித்தபோது நாலு நிமிடம் மீதம் இருந்தது.

முடிவு உடனே வந்தது. தேர்ச்சி.

கதவைத் திறந்ததும் தோழி எழுந்தாள். “என்னாச்சு?”

“பாஸ்.”

“எம்புட்டு?”

“மார்க்கெல்லாம் காட்டல. பாஸ்னு மட்டுந்தான் போட்டிருக்கு.”

“மார்க் இல்லாம என்ன பரிட்சை அது,” என்றாள். பிறகுதான் சிரித்தாள். “உதட்ட என்னட்டி செஞ்ச? ரத்தம் வருது.”

மேலாளருக்கு ஒரு வரி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. வாழ்த்துகள், நாளையிலிருந்து நான்கு யூனிட்டும் உங்கள் பொறுப்பு, முதல் ஷிப்ட் மாறும்போது லைன்களைச் சரிபார்க்க வேண்டும் என்பதால் ஏழு மணிக்கு வந்துவிடுங்கள்.

அதைத் தோழியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கம்பெனி ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்.

“ஆறு மணி பஸ்ஸா உனக்கு இனி?” என்றாள். “அதுல எனக்கு என்ன வேல?”

“ஒண்ணும் இல்ல.”

“சரி போ. உங்கூட வந்தா செத்த கண்ண மூட முடியாது. இனி இராஜபாளையம் வரைக்கும் தூங்கிக்கிட்டுப் போறேன்.”

திங்கட்கிழமை ஆறு மணி பஸ்ஸில் பெண்கள் வரிசையில் என்னைத் தவிர இரண்டு பேர்தான் இருந்தார்கள். இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் பையை வைத்தேன். இராஜபாளையம் வரை யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.