பெருக்கமரம் போட்ட கசற்

வலன்ரைன் அண்ணை கார் ஓட்டும்போது பாட்டோடு சேர்ந்து உதட்டை அசைப்பார். சத்தம் வராது. யாராவது அதைக் கண்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் உடனே கொட்டாவியாக மாற்றிவிடுவார். விடியப்புறத்தில் வேலைக்குப் போகிறவர் கொட்டாவி விடுவது புதினமில்லை. ஆனால் வேலை முடிந்து பின்னேரம் திரும்பும்போதும், சிவப்பு விளக்கில் நிற்கும்போதும், பாட்டின் அதே இடத்தில் அதே கொட்டாவி வரும். நான் பின்சீற்றில் அவருக்கு நேர் பின்னால் இருப்பவள். கண்ணாடியில் எனக்கு எல்லாம் தெரியும். 2000ஆம் ஆண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்களுக்கு டோர்வலில் வேலை. விமானத்துக்குச் சாப்பாடு ஏற்றும் சமையலகம். தட்டில் பாணும் வெண்ணெய்யும் கரண்டியும் வைத்து அனுப்புவது என் வேலை, வலன்ரைன் அண்ணை பாத்திரம் கழுவும் மெசினில் நிற்பார். அவர் இருப்பது டோர்வலிலேயே, வேலைத்தலத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு அறையில். இருந்தும் ஒவ்வொரு நாளும் நாங்கள் இருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்குக் கார் ஓட்டி வந்து என்னையும் குணேஸ்வரி அக்காவையும் ஏற்றிக்கொண்டு போவார். "உனக்கு விசரோ தம்பி, படுக்கையை விட்டு ஒரு மணித்தியாலம் முன்னம் எழும்பி வாறாய்" என்று அக்கா கேட்டால், "எனக்கு நித்திரை வராது அக்கா" என்பார். அவர் தனியாள். கலியாணம் செய்யவில்லை. அந்த அறையில் அவரோடு கதைக்க ஒருவரும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் கேட்டதில்லை.

காரில் இருந்தது ஒரேயொரு கசற். மேளம், இடையில் ஒரு புல்லாங்குழல், அதற்குமேல் ஆம்பிளைகள் மாறிமாறி மிக வேகமாகக் கதைப்பார்கள். கோபத்தோடு தொடங்கும், பிறகு யாரோ சிரிப்பார்கள். ஒரு பெண்ணும் வந்து கொஞ்சநேரம் கதைத்துவிட்டுப் போவாள். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள், அந்த இங்கிலீசில் ஒரு சொல்லும் பிடிபடாது. கேட்கவும் கூச்சம். நான் கேட்க நினைத்ததை ஒருநாள் குணேஸ்வரி அக்கா கேட்டா.

"விடியக்காலமை இவங்கள் ஆரோட தம்பி சண்டை பிடிக்கிறாங்கள்?"

"சண்டை இல்லை அக்கா. சரித்திரம் சொல்லுறாங்கள்."

"இந்த வேகத்திலையோ? பள்ளிக்கூடத்தில மெல்லமாச் சொல்லியே எனக்கு ஏறேல்லை."

அவர் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். "பள்ளிக்கூடப் புத்தகத்தில தங்களைக் கப்பல்ல கொண்டுவந்த அடிமையள் எண்டு மட்டும்தான் எழுதியிருக்காம். ஆபிரிக்காவில தங்களுக்கு ராசா ராணி இருந்தவை, படிச்ச ஆக்கள் இருந்தவை, அதை ஏன் எழுதேல்லை எண்டு கேக்கிறான். இப்ப கதைக்கிறவன் தன்ர பேரை மாத்திப்போட்டானாம். அது அடிமையா வாங்கினவன் வைச்ச பேராம்."

"எங்கட ஆக்களும் பேரை மாத்தித்தானே பிளேன் ஏறினவை. அதுக்கு ஆர் பாட்டுப் படிச்சது?" என்றா அக்கா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப உன்ர பேர்? வலன்ரைன் எண்டு வைக்கச்சொல்லி உன்ர கொப்பருக்கு ஆர் சொன்னது, போத்துக்கீசனோ?"

வலன்ரைன் அண்ணை வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "அதைத்தான் அக்கா நானும் யோசிக்கிறனான்" என்றார்.

அன்றிலிருந்து அது எங்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. கார் செயின்ற் ஜோன் வீதியால் இறங்கி பெரிய ரோட்டில் ஏறும்வரை அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவார். கழுத்தில் தங்கச்சங்கிலி போடாதே, ஆபிரிக்காப் படம் வெட்டிய தோல்மாலை போடு என்று ஒரு பாட்டு. உன் தாயைப்போலத் தெருவில் போகிற பெண்ணையும் மதி என்று இன்னொன்று. அந்த அல்பம் 1989இல் நியூயோர்க்கில் வந்ததாம், அந்தக் காலத்து ராப்பைப்போல இப்போது ஒருவரும் செய்வதில்லையாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கொஞ்சம் வாத்தியார் மாதிரி ஆகிவிடுவார்.

அவர் கோபித்ததை ஒரேயொரு தரம்தான் கண்டிருக்கிறேன். ஒரு பனிக்காலம், அக்காவுக்குத் தலையிடி. "இந்தக் காப்பிலிப் பாட்டை விட்டால் உன்னட்ட வேறை ஒண்டும் இல்லையோ?" என்றுவிட்டா. கறுப்பு ஆக்களை ஊரில் அப்படித்தான் இளக்காரமாகச் சொல்லுவார்கள். அவர் காரைப் பனிக்குவியலோடு ஒதுக்கி நிறுத்தினார்.

"அக்கா, அந்தச் சொல்லை இந்தக் காருக்குள்ள சொல்லாதேங்கோ."

"நான் என்ன புதுசாவே சொன்னனான். ஊரில எல்லாரும் சொல்லுறதுதானே."

"ஊரில ஆமிக்காரன் எங்களைக் கூப்பிட்ட சொல்லும் எல்லாரும் சொல்லுறதுதான்."

பிறகு காரை எடுத்தார். அடுத்தநாள் அக்கா அவருக்கும் சேர்த்து ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தா. பொறுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. ரொட்டியைக் கொடுத்துவிட்டு, "இந்தக் கசற்றை உனக்கு ஆர் தந்தது?" என்று மட்டும் கேட்டா. அன்றுதான் கிளைட்டின் கதை வந்தது.

வலன்ரைன் அண்ணை மன்னாரிலிருந்து 1990இல் வந்தவர். முதல் வேலை நகரத்துக்குள் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவது. பக்கத்தில் நின்று கழுவியவன் கிளைட், செயின்ற் வின்சன்ற் என்ற கரீபியன் தீவிலிருந்து வந்த கறுப்புப் பெடியன். கோட்-டெ-நேஜில் ஒரு நிலக்கீழ் அறையை இரண்டு பேரும் பங்குபோட்டு எடுத்தார்கள். கிளைட் சேட்டுக்கு அயன் போடும்போது இந்த அல்பத்தைத்தான் போடுவான். அண்ணைக்கு அப்போது இங்கிலீசு வராது. கிளைட் கசற்றை நிற்பாட்டி, சொல்லுச் சொல்லாக விளங்கப்படுத்துவான். அப்படித்தான் அவருக்கு இங்கிலீசு வந்தது.

கசற்றின் அட்டையில் ஒரு மரம் இருந்தது. யானைக்கால் மாதிரி அடி, மேலே வேரைப்போலக் கொஞ்சக் கிளை. அதற்குக் கீழே மணிமாலை போட்ட பெடியங்கள் நின்றார்கள். அட்டையை முதல்தரம் கையில் எடுத்தபோது அண்ணை கிளைட்டிடம், "இந்த மரம் என்ர ஊரில இருக்கு" என்றாராம்.

"உண்மைதானே" என்றேன் நான் பின்சீற்றிலிருந்து. எங்கள் சனம் மடுக் கோயிலுக்குப் போகிற காலத்தில் மன்னார்ப் பெருக்கமரத்தைப்பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். முந்தி அராபிய வியாபாரிகள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து வைத்ததாகச் சொல்லுவார்கள்.

"உண்மை எண்டு உனக்குத் தெரியும் தங்கச்சி. அவனுக்கு எப்பிடித் தெரியும்? அது ஆபிரிக்கா மரம், ஆபிரிக்காவிலதான் நிக்கும், நானே கண்டதில்லை, நீ எப்பிடிக் கண்டனி எண்டு கேட்டான். எனக்கு அராபியன், வியாபாரி எண்டு சொல்ல இங்கிலீசு இல்லை. அடுத்தநாள் வேலையில எல்லாருக்கும் சொல்லிப்போட்டான், இவன்ர ஊரில ஆபிரிக்கா இருக்காம் எண்டு. பிறகு அங்க என்ர பேரே ஆபிரிக்கா."

"பகிடிக்குத்தானே" என்றா அக்கா.

"அவனுக்குப் பகிடி. அந்தக் கிழமைதான் என்ர அகதிக் கேஸ் விசாரணை முடிஞ்சு, நான் சொன்னது ஒண்டும் நம்பக்கூடியதாயில்லை எண்டு கடிதம் வந்தது." பிறகு மேன்முறையீட்டில் வென்று பத்திரம் கிடைத்ததாம். "என்ன நடந்ததெண்டு காட்ட என்னட்ட ஒண்டும் இருக்கேல்லை அக்கா. இந்த மரத்தை மட்டும் காட்டலாம். அது அங்கதான் நிக்குது, எங்கையும் போகாது."

ஒரு வருடம் கழித்துக் கிளைட்டுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. அறையை விட்டுப் போகும்போது கசற்றை விட்டுவிட்டுப் போனானாம். "போட்டோ வந்தால் கொண்டுவந்து காட்டு, ஆபிரிக்கா" என்று வாசலில் நின்று சொன்னானாம். மன்னாருக்கு அப்போது கடிதமும் ஒழுங்காகப் போகாது. யார் போட்டோ எடுத்து அனுப்புவது.

2002இல் சமாதானம் வந்து பாதை திறந்தது. மன்னாரில் இருக்கும் தங்கச்சி றோசாவுக்கு அவர் எழுதிய முதல் விசயமே இந்தப் படம்தான். அடுத்த வருடம் படம் வந்தது. மரத்தின் அடியைச் சுற்றி றோசாவின் பிள்ளைகள் கைகோத்து நின்றார்கள், பாதிக்கும் எட்டவில்லை. எங்களிடம் காட்டினார். "செத்ததோ இருக்கிறதோ எண்டு ஒருத்தரையும் விசாரிக்காமல் மரத்தையே கேக்கிறாய்" என்று றோசா எழுதியிருந்தாவாம். அதைச் சொல்லும்போதும் அவருக்குச் சந்தோசம்தான்.

கிளைட்டைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவனுடைய முழுப்பெயர் அண்ணைக்குத் தெரியாது.

"ஒரு வருசம் ஒண்டாப் படுத்தெழும்பி, பேர் கேக்கேல்லையோ?"

"அந்த நாளையில நாங்கள் ஆரிட்டையும் முழுப்பேர் கேக்கிறேல்லை அக்கா. எந்தப் பேரைச் சொல்லுறதெண்டு அவையளுக்கே தெரியாது. அந்தப் பழக்கத்தில அவனிட்டையும் கேக்கேல்லை."

 அக்காவும் வேறு பெயரில் வந்தவதான்.

கோட்-டெ-நேஜில் செயின்ற் வின்சன்ற் ஆக்கள் கூடும் முடிவெட்டும் கடை ஒன்று இருப்பதாக வேலையில் ஒருவர் சொன்னார். சனிக்கிழமைகளில் அண்ணை அங்கே போய் முடி வெட்டத் தொடங்கினார். "தலையில இருக்கிறதே நாலு மயிர். கிழமைக்குக் கிழமை என்னத்தையடா வெட்டுறாய்?" என்று அக்கா கேட்பா. அவர் தொப்பியை இழுத்து விடுவார். படத்தை எப்போதும் சட்டைப்பைக்குள், கடுதாசி மட்டை ஒன்றுக்குள் வைத்திருப்பார்.

2005ஆம் ஆண்டு கோடையில் கடைக்காரர் சொன்னார், கிளைட் என்று ஒரு பஸ் றைவர் இருக்கிறார், வருகிற சனிக்கிழமை வருவார் என்று. அந்தச் சனிக்கிழமை எங்களுக்குக் காலை வேலை. வேலை முடிந்து நேரே போனோம். கார் நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் உள்ளுக்க இருங்கோ. ஆக்கள் இருந்தால் ரிக்கெற் எழுதமாட்டான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கண்ணாடியில் பார்த்துச் சேட்டுக் கொலரைச் சரிசெய்தார்.

கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கதிரையில் ஒரு பெரிய மனிதர் கழுத்துவரை துணி போர்த்தபடி இருந்தார். தாடியில் நரை. வலன்ரைன் அண்ணை அவருக்கு முன்னால் போய் நின்று ஏதோ சொன்னார். அந்த மனிதர் தலையை ஆட்டவில்லை, முடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணை திரும்பவும் சொன்னார். இப்போது அவர் சிரித்தார். துணிக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஆள் அவன்தான்" என்றா அக்கா.

அண்ணை மட்டையைத் திறந்து படத்தை எடுத்தார். கிளைட்டின் கை திரும்பவும் துணிக்குள் போய்விட்டது. அதனால் அண்ணையே படத்தை அவருடைய முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார், முகம்பார்க்கும் கண்ணாடியைப் பிடிப்பதுபோல. கிளைட் பார்த்தார். தலையை ஆட்டினார். கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். பிறகு கடைக்காரர் வெட்டத் தொடங்கிவிட்டார். அண்ணை படத்தைக் கீழே இறக்கவில்லை. இன்னும் ஏதோ வரும் என்று நிற்பவர்போல நின்றார். கிளைட் பக்கத்துக் கதிரைக்காரரோடு கதைக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் அண்ணையின் கை இறங்கியது. கொஞ்சநேரம் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு சுவரோரக் கதிரையில் இருந்தார். பிறகு எழும்பி வந்தார்.

கார் நாற்பதாம் இலக்க ரோட்டில் ஏறும்வரை அக்கா பொறுத்திருந்தா.

"என்னவாம்?"

"சந்தோசப்பட்டவன்."

"மரத்துக்கு என்ன சொன்னவன்?"

"நல்ல மரம் எண்டவன்."

ஒரு லொறி எங்களைக் கடந்து போனது. பிறகு அவராகவே சொன்னார். "மரக்கதை அவனுக்கு ஞாபகமில்லை அக்கா. என்னைத் தெரியுது. ஸ்ரீலங்காப் பெடியன் எண்டு தெரியுது. பேர் தெரியேல்லை."

"ஆபிரிக்கா எண்டு கூப்பிட்டது?"

"அதுவும் இல்லை. கசற் தன்ரையே இல்லையெண்டு சொல்லுறான். அறையில முன்னம் இருந்த ஆரும் விட்டிட்டுப் போயிருப்பினமாம். தான் இப்ப சபைப் பாட்டுத்தான் கேக்கிறவனாம்." கொஞ்சநேரம் ஓட்டினார். "இவ்வளவு நாளும் அவன்ர சாமான் எண்டெல்லோ வைச்சிருந்தன்."

"அப்ப இனி உன்ரை" என்றா அக்கா.  பிறகு கையை நீட்டி, "போடன் தம்பி, அந்தப் புல்லாங்குழல் வாற பாட்டை. சும்மா இருக்க ஒருமாதிரிக் கிடக்கு" என்றா. நான் அறிய அக்கா அந்தப் பாட்டைப் போடச்சொல்லிக் கேட்டது அதுதான் முதல்தரம்.

"பேந்து போடுறன் அக்கா" என்றார்.

அந்தக் கிழமை முழுக்கப் போடவில்லை. என்ன நினைத்திருப்பார் என்று நான் யோசித்திருக்கிறேன். கிளைட் சண்டை பிடித்திருந்தால்கூட நல்லது. அந்த மரத்தை அப்போதும் நம்பவில்லை, இப்போதும் நம்பவில்லை என்று சொல்லியிருந்தால் இவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அராபியனுக்கும் வியாபாரிக்கும் இங்கிலீசு இப்போது தெரியும். நம்பாதவனை நம்பவைக்கலாம். மறந்தவனோடு என்ன செய்வது. இதை அவரிடம் நான் சொன்னதில்லை.

இப்போது 2008. குணேஸ்வரி அக்கா மகளோடு ரொறொன்ரோவுக்குப் போய்விட்டா. பழைய கார் போன பனிக்காலத்தோடு நின்றுவிட்டது. புதுக் காரில் சீடிதான் போடலாம், அதே அல்பத்தைச் சீடியில் வாங்கியிருக்கிறார். சிலநாள் போடுவார், சிலநாள் எதுவும் போடாமல் ஓட்டுவார். கிளைட்டை அதற்குப் பிறகு அவர் பார்க்கவில்லை, கிளைட்டும் தேடவில்லை. சண்டை திரும்பத் தொடங்கி, மன்னாருக்குத் திரும்பவும் கடிதம் ஒழுங்காகப் போவதில்லை. வலன்ரைன் அண்ணை டோர்வலில் அதே அறையில் தனியாக இருக்கிறார். காலையில் டொலார்ட் வரை வந்து, இப்போது என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறார்.