‘ச’ விட்டுப்போன சமரசம்

உள்ளூர் இயக்கத்துக்காரர்களுக்குச் சண்டையைத் தீர்க்கும் வித்தையைக் கற்றுக்கொடுக்கத் திருவனந்தபுரம் வந்திருக்கிறேன். பழவங்காடியில் ஆட்டோ ஏறி, “சமரசப் பயிற்சி நடக்கிற இடம்” என்கிறேன். தமிழ்க்கார டிரைவர் தலைமைச் செயலக வாசலில், ஒரு போராட்டப் பந்தல் முன்னால் இறக்கிவிடுகிறார்.

“சமரம்னா இங்கதானே சாரே?”

மலையாளத்தில் சமரம் என்றால் போராட்டம்.

“சமரம் இல்லய்யா, சமரசம்! காதுல என்ன பஞ்சா?”

“என் காதைப் பத்தி சார் பேசண்டாம்!”

அவர் குரல் ஏறுகிறது. நான் அவர் சட்டையைப் பிடித்துவிடுகிறேன். பந்தலிலிருந்து ஒரு பெண் கொடியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து எங்களை விலக்குகிறார். என் கழுத்தில் தொங்கும் பயிற்சியாளர் அட்டையைப் படித்துவிட்டுப் பாதித் தமிழில் சொல்கிறார்:

“மத்தியானம் உங்க கிளாஸுக்குத்தான் நாங்க வரணும் சாரே. நீங்களும் வந்து உக்காந்து படிங்க, கேட்டோ.”