ஞாயிற்றுக்கிழமை கூட்டம்

இன்னைக்கு எங்க பேரூராட்சிக் கூட்டத்துல உட்கார இடமில்லை. சத்தியமா!

வழக்கம்போல செவ்வாக்கிழமை நடந்த போன கூட்டத்துல நாற்காலியெல்லாம் காலி. "கடலுக்குப் போறவங்களுக்கு ஊர்மேல அக்கறையே இல்ல"ன்னு தலைவர் அண்ணாச்சி சலிச்சுக்கிட்டார்.

இளையோர் மன்றத்துல புதுசா சேர்ந்த காலேஜ் பிள்ளை ஸ்டெல்லா எழுந்துட்டா.

"அண்ணாச்சி, செவ்வாக்கிழமை காலைல எங்கப்பாவெல்லாம் கடல்ல நிக்காவ. ஞாயித்துக்கிழமை யாரும் வள்ளம் எடுக்க மாட்டாவ. பூசை முடிஞ்சதும் கூட்டத்த வைங்க."

"அதிகாரிங்களுக்கு அன்னைக்கு லீவுல்லா, ஏளா?"

"ஒருநாள் வரட்டும் அண்ணாச்சி."

இன்னைக்கு அதிகாரிங்க வந்தாங்க. கோயில் மணி ஓய்ஞ்சதும் கடற்கரைத் தெருவே திரண்டு வந்துச்சு. "கடல் வீட்டு வாசலுக்கு வந்துட்டுது, அலையத் தடுக்க கல்லு போட்டு தூண்டில் வளைவு எப்ப கட்டுவீங்க?"ன்னு முதல்ல கேட்டது ஸ்டெல்லாவோட அப்பா.

நாற்காலி கிடைக்காம வாசல்ல நின்ன கூட்டத்துல அவளும் ஒருத்தி.

உங்க ஊர்ல அதிகாரிய ஞாயித்துக்கிழமை வரவச்ச ஆள் யாராவது உண்டா? சொல்லுங்க பார்ப்போம்.